உவர் நீரில் தோய்த்த துணிகள்

சத்திரசிகிச்சை முடிந்ததும் குப்பை கட்டுவது இன்றைக்கும் என் வேலைதான். பொறுப்புத் தாதி என்ற பெயர் இருந்தாலும் அதை நான் இன்னொருவரிடம் விடுவதில்லை. ஒரு சின்னக் கட்டியை வெட்டி எடுத்தாலே ஒரு மஞ்சள் பை நிறைந்துவிடும். ஒருமுறை போட்டுக் கழற்றும் நீலக் காகித அங்கி, நோயாளியை மூடும் பிளாஸ்டிக் பூசிய விரிப்பு, கையுறை, குழாய், குழாய் வந்த உறை, அந்த உறை வந்த இன்னோர் உறை. வயிற்றைத் திறந்தால் மூன்று பை. பையின் கழுத்தை முறுக்கி முடிச்சுப் போடுகிறபோதெல்லாம் அக்காவின் வயிறுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அதைப் பற்றி இதுவரை நான் எழுதவில்லை. எழுதினால் மனம் ஆறும் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நான் ஆறுவதற்காக எழுதவில்லை.

எங்கள் வைத்தியசாலை தீவுப் பக்கத்தில் இருக்கிறது. ஊரின் பெயரைச் சொல்லி அங்கே வேலை செய்கிறவர்களைச் சந்திக்கு இழுக்க எனக்கு விருப்பமில்லை. ஒரேயொரு சத்திரசிகிச்சைக் கூடம். தியேட்டர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். புதன்கிழமைகளில் யாழ்ப்பாண நகரத்திலிருந்து சத்திரசிகிச்சை நிபுணர் வருவார். கட்டிகள், குடலிறக்கம், ஆறாத புண்கள் என்று ஆறேழு பேருக்குச் செய்துவிட்டு மாலையில் திரும்பிவிடுவார். அவர் போன பிறகு மஞ்சள் பைகளும் நானும் மிஞ்சுவோம்.

அந்தப் பைகளைக் கொண்டுபோக நகரத்திலிருந்து வாகனம் வரவேண்டும். வரும், வராமலும் விடும். வராத வாரங்களில் பின்வளவில் கிடங்கு வெட்டி எரிப்போம். பிளாஸ்டிக் எரிகிற மணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இது பிளாஸ்டிக்கும் இரத்தமும் சேர்ந்து எரிகிற மணம். வேலிக்கு அந்தப் பக்கம் ஊருக்கென்று இருக்கிற ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு. சுற்றுவட்டாரத்தில் மற்றதெல்லாம் உவர். ஒருநாள் காலையில் ஒரு பெண் என் மேசைக்கு வந்து, பாதி எரிந்து சுருண்ட கையுறை ஒன்றை மேசையில் வைத்தாள். இரண்டு விரல்கள் அப்படியே இருந்தன.

"மிஸ்ஸி, இது உங்கட சாமானோ? வாளியோட வந்தது."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.  அன்று முழுவதும் எனக்குத் தேநீர் குடிக்க மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் டொக்டர், புதன்கிழமைகளில் வருகிற அந்த நிபுணர், வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போய்வந்தார். சத்திரசிகிச்சையால் சுற்றாடலுக்கு வரும் கேட்டை எப்படிக் குறைப்பது என்பது மாநாட்டின் பொருள். விமானத்தில் போய் விமானப் புகையைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறார் என்று நான் கேலி செய்தேன். அவர் சிரித்தார். நல்ல மனிதர், கேலியைத் தாங்குகிறவர். கையோடு கொண்டுவந்த பையில் ஒரு கட்டுப் பளபளப்புக் காகிதங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை விரித்துக் காட்டினார். துணி அங்கி, துணி விரிப்பு. தோய்த்து அவித்துத் திரும்பத் திரும்பப் பாவிப்பது.

"இதைத்தானே நாங்கள் முந்திச் செய்தனாங்கள் டொக்டர்?" என்றேன்.

"ஓம் சிஸ்டர். இப்ப அவங்கள் அதைக் கண்டுபிடிச்சிருக்கிறாங்கள். திரும்பத் துவங்குவமோ?"

அந்தக் கையுறையின் இரண்டு விரல்களும் என் கண்ணுக்குள் நின்றன. யோசிக்காமல் ஓம் என்றேன்.

துணி தைத்தது அக்கா. மடத்துவெளியில் என் வீட்டுக்கு அடுத்த வளவு அவளுடையது. அத்தான் தெற்கில் கடை வைத்திருந்தவர், செத்துப் பல வருடமாகிவிட்டது. ஒரே மகன் கனடாவில். அக்கா மாடு பார்த்து, கொஞ்சம் மிளகாய் வைத்து, அயலுக்கு உடுப்புத் தைத்து இருந்தாள். மெசினில் குனியும்போது இடது கையால் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். தொப்புளுக்கு மேலே குடலிறக்கம், தேங்காய்ப் பாதி அளவுக்குப் புடைத்திருந்தது. நான் எத்தனையோ தடவை சொல்லியும் வெட்ட மாட்டேன் என்று நின்றவள். பச்சைத் துணியை இரட்டையாக வைத்து விளிம்பு மடித்து ஒரு மாதத்துக்குள் எனக்கு வேண்டிய அத்தனை விரிப்பும் அங்கியும் தைத்துத் தந்தாள். கூலி பற்றிக் கேட்டால் அடிக்க வருவாள் என்று நான் கேட்கவில்லை.

பங்குனியில் தொடங்கினோம். முதல் புதன்கிழமை ஒரேயொரு மஞ்சள் பைதான் வந்தது. நான் அதைத் தூக்கிக் காட்ட, டொக்டர் தொலைபேசியில் படம் எடுத்தார். இரத்தம் பட்ட துணிகளைத் தோய்க்க ஒரு பெண் ஊழியர் இருந்தார். தோய்த்து, காயவைத்து, மடித்து, பொதியாகக் கட்டி நீராவிப் பெட்டியில் அவிப்போம். பொதியில் ஒட்டியிருக்கும் பட்டியில் கறுத்தக் கோடு விழுந்தால் கிருமி நீங்கிவிட்டது என்று பொருள். கோடு எப்போதும் விழுந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

குறை தண்ணீரில் இருந்தது. வைத்தியசாலைக் கிணறு உவர். வேலிக்கு அந்தப் பக்கத்து நல்ல கிணறு ஊருக்கே போதாது. குடிக்கவும் சமைக்கவும் மருந்து வேலைக்கும் பவுசரில், தண்ணீர் ஏற்றும் வண்டியில், நல்ல தண்ணீர் வரும். சித்திரை பிறந்ததும் அது வாரத்தில் இரண்டு தடவையாகக் குறைந்தது. வார்டில் படுத்திருப்பவர்களுக்குக் குடிக்கக் கொடுக்கிற தண்ணீரில் நான் விரிப்புத் தோய்ப்பதா? தீவாள் எவளும் செய்வதைத்தான் செய்தேன். நாங்கள் வீட்டில் எப்படித் தோய்ப்போம்? சவர்க்காரம் போட்டுக் கசக்குவது, அலம்புவது எல்லாம் உவர் தண்ணீரில். கடைசி ஒரு தடவை மட்டும் நல்ல தண்ணீரில் முக்கி எடுப்பது. அம்மா அப்படித்தான் தோய்த்தார். எனக்கு வேறு விதம் இருப்பதாகக்கூடத் தோன்றியதில்லை. ஊழியரிடம் சொன்னேன், அவரும் தீவாள், தலையாட்டினார். ஆடியில் பவுசர் இன்னும் பிந்தியது. கடைசி அலம்பலையும் பாதி வாளிக்குக் கொண்டுவந்தேன். தண்ணீரையும் மிச்சம் பிடித்தேன், குப்பையையும் மிச்சம் பிடித்தேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

வெயில் காலம் முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. துணி மொரமொரப்பாகக் காய்ந்தது. காயங்கள் ஆறின. டொக்டர் தன் கூட்டங்களில் எங்கள் படங்களைப் போட்டுக் காட்டினார். ஐப்பசிக் கடைசியில் யாழ்ப்பாண நகரத்தில் பெரிய மருத்துவ மாநாடு வருகிறது, அதில் எங்கள் தியேட்டரைப் பற்றி நானே பேச வேண்டும் என்றார். நான் மாட்டேன் என்றேன். மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே என்ன சேலை உடுப்பது என்று யோசித்தேன்.

அந்த வருடம் மழை பிந்தியது. வானம் மூட்டம் போட்டுக்கொண்டு கிடந்தது, பெய்யவில்லை. காற்றில் ஈரம் மட்டும் ஏறியது. புரட்டாசியில் வவுனியாவிலிருந்து மாற்றலாகி ஒரு தாதி எங்கள் தியேட்டருக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். வந்த இரண்டாவது புதன்கிழமை அலுமாரியிலிருந்து பொதியொன்றை எடுத்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சிஸ்டர், இது ஈரமாக் கிடக்கு."

நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஈரமாகத் தெரியவில்லை. துணி துணி மாதிரித்தான் இருந்தது.

"எங்கை ஈரம்? கோடு விழுந்திருக்கு, பாருங்கோ. இது தீவுக் காத்து. இஞ்சை உப்பும் ஈரம், படுக்கையும் ஈரம், நாங்களும் ஈரம்தான். போகப் போகப் பழகிவிடும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பொதியைத் திறந்தோம்.

அவித்த பொதியில் ஈரம் இருக்கக்கூடாது என்பது தாதிப் பயிற்சியில் முதல் வருடம் சொல்லித்தருகிற பாடம். ஈரத் துணி வழியாக வெளியில் இருக்கும் கிருமி உள்ளே ஊறிப் போய்விடும். ஈரமென்றால் அந்தப் பொதியைத் தள்ளிவைத்துத் திரும்ப அவிக்க வேண்டும். இதை நான் எத்தனையோ பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. என் கைக்குத்தான் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து உவரில் தோய்த்த உடுப்பை உடுத்து, உவரில் தோய்த்த போர்வையைப் போர்த்திக்கொண்ட கை. மாரி தொடங்கினால் அவை நமுத்துப் பொச்சென்று இருக்கும். துணியில் தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எங்களுக்கு அதுதான் காய்ந்த துணி.

அதே புரட்டாசியில் அக்கா பிடிவாதத்தை விட்டு இறங்கி வந்தாள். ஒருநாள் புல்லுக்கட்டுத் தூக்கும்போது வயிறு இறுகி, இரண்டு மணி நேரம் துடித்துப் போனாள். அதற்குப் பிறகு தானாகவே வந்து கேட்டாள்.

"மகன் கொழும்புக்குப் போகச் சொல்லுறான். அங்கை தனியார் ஆஸ்பத்திரியில செய்யலாமாம்."

"எதுக்குக் கொழும்பு? நான் ஒருத்தி இருக்கிறன் எல்லோ. எங்கட தியேட்டரிலையே செய்வம்."

"நீ கிட்ட நிப்பியோ?"

"நான் நிக்காமல் ஆர் நிக்கிறது? நீங்கள் தைச்ச துணியாலதான் உங்களை மூடுவன்."

"முந்தியே சொல்லியிருந்தால் கொஞ்சம் நேராத் தைச்சிருப்பன்" என்று சிரித்தாள். "சரி. உன்ர கையில எண்டால் செய்விக்கிறன்."

மகனிடமும் நான்தான் பேசினேன். சித்தி பார்த்துக்கொள்ளுவன், நீ யோசிக்காதை என்றேன்.

ஐப்பசியின் முதல் புதன்கிழமை. அக்காவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருந்தது. மாதக்கணக்காகக் கட்டுப்படுத்தி வைத்திருந்தேன். எல்லாம் சரியாக நடந்தது. பொதியைத் திறந்தது நான். விரிப்பை விரித்தது நான். டொக்டர் குடலை உள்ளே தள்ளி, தசை விலகிய இடத்தில் உள்ளங்கையளவு வலையொன்றை வைத்துத் தைத்தார். அது உடம்புக்குள்ளேயே இருந்துவிடும் செயற்கை வலை. அதில் கிருமி ஒட்டினால் மருந்து எளிதில் எட்டாது. அதுவும் எனக்குத் தெரியும். அக்கா கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா என்பது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் தையலைச் சுற்றிச் சிவந்தது. ஏழாம் நாள் மருந்து கட்டுவதற்காக நான் பழைய கட்டை எடுத்தபோது தையலுக்கு நடுவிலிருந்து சீழ் எழும்பி வந்தது. அந்த மணம் எனக்குப் பழக்கமானது. என் அக்காவிடமிருந்து அது வந்தபோது சட்டென்று பஞ்சை வைத்து மூடினேன்.

"என்னடி, நல்லா ஆறுதோ?" என்று அக்கா கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஓம் அக்கா. கொஞ்சம் ஊனத் தண்ணி வடியுது. அவ்வளவுதான்."

அம்புலன்சில் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க இரண்டு பக்கமும் தண்ணீர். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போனேன். அக்காவுக்கு முன்பு வேறு இரண்டு பேருடைய காயங்கள் புரட்டாசியில் கசிந்ததை அப்போது நினைத்துப் பார்த்தேன். ஒருவர் மருந்து ஒழுங்காக எடுக்காதவர், மற்றவருக்குச் சீனி என்று புத்தகத்தில் எழுதியிருந்தேன். இரண்டு தடவையும் நோயாளியின் தலையிலேயே போட்டுவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் தியேட்டருக்குத் திரும்பினேன். அலுமாரியைத் திறந்து ஒரு பொதியை எடுத்து வவுனியாத் தாதியிடம் நீட்டினேன்.

"பிடிச்சுப் பாருங்கோ. ஈரமோ?"

அவர் வாங்கினார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஓம் சிஸ்டர். எல்லாம் அப்பிடித்தான். அண்டைக்கும் சொன்னனான்."

ஒவ்வொரு பொதியாக எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றார். கடைசியில் ஒரு பொதியைப் பிரித்து, அக்கா மடித்துத் தைத்த விளிம்பை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். அவர் என்னை எழுப்ப வந்தார், நான் எழும்பவில்லை.

டொக்டருக்குத் தொலைபேசியில் சொன்னேன். 

"சிஸ்டர், வேற காரணமாயும் இருக்கலாம். சீனி இருக்கு. ஆஸ்பத்திரியில இருந்தும் தொத்தியிருக்கலாம். பரிசோதனை முடிவு வரட்டும்."

"எனக்கு முடிவு தெரியும் டொக்டர்."

"எண்டாலும் மாநாட்டில இதைச் சொல்ல வேண்டாம். பிறகு இருந்து கதைப்பம்."

அவரை நான் குறைசொல்லவில்லை. அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. அவர் வைத்த வலை அது.

பெரியாஸ்பத்திரியில் மருந்து ஏற்றிப் பார்த்தார்கள், குணம் காணவில்லை. வலையை எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்த நாள்தான் மாநாட்டு நாள். காலை ஒன்பது மணிக்கு அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். ஒருமுறை பாவிக்கும் நீல விரிப்புகள் கட்டுக் கட்டாக உள்ளே போவதைக் கதவிடுக்கால் பார்த்தேன். இன்னும் போடுங்கோ, பத்துப் பை நிறையட்டும், நூறு பை எரியட்டும், கிணறு நாசமாய்ப் போகட்டும், என் அக்காவைத் தாருங்கோ என்று மனதுக்குள் கத்தினேன். அப்படித்தான் கத்தினேன். மறைக்க ஒன்றுமில்லை.

தியேட்டருக்கு உள்ளே நின்றே பழகிய எனக்கு அதன் கதவுக்கு வெளியே நிற்கத் தெரியவில்லை. டொக்டர் அழைத்தார். மாநாடு நடக்கிற ஹோட்டல் கிட்டத்தான், பத்து நிமிடம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகலாம் என்றார். முதல்நாள் உடுத்த சேலையோடு போனேன்.

மண்டபத்துக்குள் குளிர். குளிர் தாங்காமல் சிலர் கோட்டுப் போட்டிருந்தார்கள். வாசலில் கழுத்துப் பட்டி ஒன்றும், பிளாஸ்டிக்கில் பொதிந்த என் பெயரும், ஒரு பையும் தந்தார்கள். பைக்குள் இன்னொரு சின்னப் பை. மேசைகள் நிறைய நல்ல தண்ணீர்ப் போத்தல்கள். பாதி குடித்தவை, மூடி மட்டும் திறந்தவை, ஒரு வாய் குடித்துவிட்டுக் கைவிட்டவை. எங்கள் வார்டுக்கு இரண்டு நாளைக்குப் போதும். திரையில் எங்கோ ஒரு நாட்டு நிபுணர் புகை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் டொக்டர் எழுந்து படங்களைக் காட்டினார். அந்த முதல் ஒற்றை மஞ்சள் பையோடு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம் சுவரளவுக்கு வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். என்னை மேடைக்கு அழைத்தார்கள்.

நான் தமிழில் பேசினேன். டொக்டர் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொன்னார். உவர் தண்ணீரில் தோய்த்ததைச் சொன்னேன். பாதி வாளியைச் சொன்னேன். ஈரம் என்று ஒருவர் சொன்னபோது சிரித்ததைச் சொன்னேன். டொக்டர் ஒரு கணம் நின்றார். விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் விடவில்லை. நான் சொன்ன ஒவ்வொன்றையும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மூன்று பேருக்குக் காயம் பழுதாகிவிட்டது, மூன்றாவது ஆள் என்னுடைய அக்கா, இப்போது இந்த நேரம் அவவின் வயிற்றைத் திறந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். அதையும் சொன்னார். "அந்த வலையை வைத்தது நான்" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

 பின்வரிசையிலிருந்து ஒரு பெண் மருத்துவர் எழுந்து கேட்டார்: உப்பில்லாமல் தோய்க்க எவ்வளவு நல்ல தண்ணீர் வேண்டும்?

"பவுசர் கொண்டுவாற முழுக்கவும் வேணும்" என்றேன். "அதுக்குப் பிறகு வார்டுக்குக் குடிக்கத் தண்ணி இராது."

"அப்ப என்ன செய்யிறது?"

"எனக்குத் தெரியாது. துணியெண்டால் தண்ணி வேணும், பிளாஸ்டிக் எண்டால் எரிக்க இடம் வேணும். எங்களிட்டை ரெண்டும் இல்லை. நீங்கள்தான் படிச்ச ஆக்கள், நீங்கள் சொல்லுங்கோ."

 கூட்டத்தை நடத்தியவர் ஒலிவாங்கியை வாங்கி, துணிவோடு அனுபவத்தைப் பகிர்ந்ததற்கு நன்றி என்றார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், முதல் தடவையைவிடப் பலமாக.  அதன் பிறகு மதியச் சாப்பாடு என்று அறிவித்தார்கள். நான் கழுத்துப் பட்டியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

அத்தனை பேருக்கு முன்னால் சொன்னவளுக்கு அக்காவிடம் சொல்ல மத்தியானம் முழுக்கத் துணிவு வரவில்லை. வலையை எடுத்துவிட்டார்கள். வயிற்றை மூடாமல் திறந்தபடி மருந்துத்துணி வைத்துக் கட்டியிருந்தார்கள். கிருமி இரத்தத்தில் ஏறியிருக்கிறது, பார்ப்போம் என்று வார்டு மருத்துவர் சொன்னார். அந்தப் பார்ப்போம் என்பதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஐந்து மணிக்கு அக்கா நன்றாக விழித்துக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது. பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தேன்.

"அக்கா, நான் ஒண்டு சொல்லவேணும்."

சொன்னேன். மேடையில் சொன்னதுபோல ஒழுங்காக வரவில்லை. பாதி வாளியில் தொடங்கி, கையுறைக்குப் போய், கிணற்றுக்கு வந்து, உப்பில் முடித்தேன். இடையில் அழுதேன். கொழும்புக்குப் போக விட்டிருக்கலாம் என்றேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். போகட்டும் என்று சொல்லியிருந்தால் அதையும் பிடித்துக்கொண்டிருப்பேன். இரண்டும் சொல்லவில்லை. கண்ணை மூடினாள். நித்திரையாகிவிட்டாள் என்று நான் எழும்பப் போனபோது வாய் திறந்தாள்.

"என்ர சோட்டி கட்டிலுக்குக் கீழை பையுக்கை கிடக்கு. வீட்டை கொண்டு போய்த் தோய்."

"ஓம் அக்கா."

"நல்ல தண்ணியில தோய்."

குறிகட்டுவான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். பையில் இருந்தது அவள் வீட்டில் உடுக்கிற பூப்போட்ட சோட்டி, கால் வரை நீளச் சட்டை, அம்புலன்சில் வந்தபோது உடுத்திருந்தது. வயிற்றுப் பக்கத்தில் சீழ் பட்டுக் காய்ந்திருந்தது. குசினியில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் இருந்தது. பவுசர் வர இன்னும் மூன்று நாள். இரண்டு குடத்தையும் வெளியே தூக்கிவந்தேன். கிணற்றுப் பக்கம் போகவேயில்லை. கசக்கியதும் நல்ல தண்ணீரில், அலம்பியதும் நல்ல தண்ணீரில். கடைசித் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்து, இன்னும் ஒரு தடவை அலம்பினேன். குடிக்க ஒரு மிடறும் மிஞ்சவில்லை. இரவு அறையில் மின்விசிறிக்குக் கீழே போட்டேன். விடிந்ததும் பல நாளைக்குப் பிறகு வெயில் எறித்தது. கொடியில் போட்டு, பத்து மணிக்கு எடுத்து, மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மடத்துவெளிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன்.

அங்கேதான் தொலைபேசி வந்தது. வார்டுத் தாதி பேசினார். சிஸ்டர் என்று தொடங்கி நிறுத்தினார். மிச்சத்தை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நிறுத்தலை நானும் தொழிலில் பழகியவள். அக்கா போய்விட்டாள்.

பஸ் வந்து நின்றது, நான் ஏறவில்லை, போய்விட்டது. சோட்டியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒரு துளி ஈரமில்லை. அக்காவுக்கு நான் ஒழுங்காகத் தோய்த்தது அந்த ஒன்றுதான். அதை உடுக்க அவள் இருக்கவில்லை.